ஏழாம் மேசைக்கு அப்பம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்தப் பெரிய சிந்தனையிலிருந்தும் பிறக்கவில்லை. ஒரு மட்டைக்காக, மேசையில் வைக்கிற ஓர் அறிவிப்பு அட்டைக்காகப் பிறந்தது. மருதனார்மடச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இருபத்திரண்டு அறையோடு ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதன் மனேச்சர் றோய். ஆடி மாதத்தில் ஒருநாள் போன் எடுத்தார்.

"அண்ணை, காலைச் சாப்பாட்டு மேசையிலை வைக்க ஒரு மட்டை எழுதித் தாங்கோ. வாற ஆக்கள் என்னத்தை எதிர்பார்க்கலாம், எப்பிடி நடக்கவேணும் எண்டு. பத்து ஒழுங்கு எழுதினால் காணும்."

"உங்களிட்டை மட்டை இல்லையோ?"

"இருக்கு. கொழும்பிலையிருந்து வந்தது, இங்கிலீசிலை. ஒருத்தரும் வாசிக்கினமில்லை. போன கிழமை ஒரு ஆள் அதாலை சாப்பாட்டிலை மொய்ச்ச இலையான் அடிச்சவர்."

நான் முப்பது வருடம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தினவன். மற்றவர்களின் பிழையைப் பார்த்துப் பார்த்தே முகம் இப்படி ஆனது என்று என் மனிசி சொல்லுவா. அதோடு கதை எழுதுகிற வியாதியும் உண்டு. றோய்க்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பிடித்திருப்பார்.

கூலியாக மூன்று நாள் காலைச் சாப்பாடு. வந்து இருந்து, சாப்பிட்டு, பார்த்து எழுதச் சொன்னார். மட்டைக்கு வேண்டியதை மட்டும் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேலும் பார்த்துவிட்டேன்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன். வெட்டினதையும் காட்டுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் தொடக்கம்: "காலை ஏழு மணி. சீவரத்தினம் ஏழாம் மேசையில் அடுப்புக்கு முதுகு காட்டி இருந்தார். அவருக்குப் பின்னால் பதினைந்து அடி தூரத்தில், பதினைந்து வருடமாக—"

வெட்டு. பதினைந்து அடி, பதினைந்து வருடம் என்று சோடி சேர்க்கிறவனை நம்பாதீர்கள். வருடம் உண்மை. அடியை நான் அளக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அப்பமா புளிக்க ஓர் இரவு போதும். ஆனால் மனித மனம்—"

கோதாரி. இப்படி எழுதுகிறவர்களின் கட்டுரையைத்தான் முப்பது வருடம் திருத்தினேன்.

மூன்றாம் தொடக்கம்: ஓர் அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் சீவரத்தினம், வயது அறுபத்தாறு, நோர்வேயிலிருந்து மகளோடு வந்து இந்த ஹோட்டலில் மூன்று இரவு தங்கியிருக்கிறார். தங்கச்சி குணலட்சுமி, வயது ஐம்பத்தெட்டு, அதே ஹோட்டலில் அப்பம் சுடுகிறா. இரண்டு பேரும் பதினைந்து வருடமாகக் கதைக்கிறதில்லை. அவளுடைய கையால் ஒன்றும் வாயில் வைக்கமாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவரை ஏற்ற வான் வண்டி வரும். அதற்குள் அவர் அவளுடைய கையால் சாப்பிடுவாரா?

இதில் அழகு ஒன்றும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

இனி மட்டை. ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் என்ன எதிர்பார்க்கலாம்?

கண்ணாடிச் சாடிக்குள் கோர்ன்ஃபிளேக்ஸ் எதிர்பார்க்கலாம். சாமிக்குப் படைத்த மாதிரி அப்படியே இருக்கும், ஒருத்தரும் தொடமாட்டார்கள். மஞ்சளாக ஒரு யூஸ் இருக்கும். என்ன பழம் என்று கேட்டேன். "பழந்தான் அண்ணை" என்றுவிட்டு றோய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பாண், பட்டர், ஜாம், வெட்டி அடுக்கின வத்தகப்பழம். அந்தப் பக்கம் முடிந்த பிறகுதான் சனம் உண்மையாக வந்த காரணம் தொடங்கும்: இடியப்பம், சொதி, சம்பல், குழல்புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். கடைசி மூலையில், மண்டபத்தைப் பார்த்தபடி, நாலு சட்டி வைத்த அப்ப அடுப்பு.

ஒழுங்கு 1: காலைச் சாப்பாடு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. ஒன்பது இருபத்தைந்துக்கு வந்து "புட்டு ஏன் முடிஞ்சுது" என்று சண்டை பிடிக்கக்கூடாது.

ஒழுங்கு 2: அறையில் பதிந்தவர்களுக்கே சாப்பாடு. அச்சுவேலியிலிருந்து பார்க்க வந்த சித்தப்பா குடும்பத்துக்கு அல்ல. (முதல்நாளே மூன்று பேர் அறைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒரு பெரியவர் "நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து தோசை முடித்தார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதும் மரியாதைக்கு, சாப்பிட்டதும் மரியாதைக்கு.)

ஒழுங்கு 3: அவித்த முட்டை இங்கே சாப்பிட. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கீரிமலைக்குப் போக அல்ல.

ஒழுங்கு 4: வேண்டியதை நீங்களே எழும்பிப் போய் எடுக்கவேண்டும்.

இந்த நாலாம் ஒழுங்கில்தான் எங்கடை சனம் விழுகிறது. ஒரு வீட்டுக்குப் போனால் "சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடாமல் நாங்கள் எழும்புகிறதில்லை. கூப்பிட்டாலும் முதல் தரம் "இப்பத்தான் சாப்பிட்டனான்." இரண்டாம் தரம் "ஐயோ, பசியில்லை." மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுக்கவேண்டும். கோப்பையில்* போட்ட பிறகும், போட்ட ஆள் "சாப்பிடுங்கோ" என்று ஒரு சொல் சொல்லும் வரைக்கும் கை இறங்காது. அந்தச் சொல் இல்லாமல் சாப்பிடுகிறவனைத் தின்னி என்பார்கள். ஹோட்டலில் கூப்பிடவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. பண்டத்தரிப்பைச் சேர்ந்த ஒருவர் முதல்நாள் வெறும் கோப்பைக்கு முன்னால் இருபது நிமிடம் இருந்ததை நான் பார்த்தேன்.

அந்த ஆள் நான்தான்.

(* கடல் தாண்டி வாசிக்கிறவர்களுக்கு: எங்களுக்குக் கோப்பை என்றால் சோறு தின்கிற தட்டு. தேத்தண்ணி குடிக்கிறதற்கு வேறு சாமான் இருக்கிறது. சண்டைக்கு வரவேண்டாம்.)

4

முதல் காலை, புதன்.

இருபது நிமிடம் இருந்த என்னை அழைத்துக் காப்பாற்றினது குணலட்சுமி. என் மேசை அடுப்புக்குப் பக்கத்தில். "அண்ணை, கோப்பையைக் கொண்டு வாங்கோ, சூடாத் தாறன்" என்றா. வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி. எந்த ஆம்பிளை வந்தாலும் அண்ணை, எந்தப் பொம்பிளை வந்தாலும் தங்கச்சி. சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றி மூடி வைத்துவிட்டு, அது வேகிற நேரத்துக்குள் மூன்று பேரின் நலம் விசாரிக்கிற ஆள்.

ஏழரைக்கு ஒரு பிள்ளை கோப்பையோடு வந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் தனுஷா என்று பிறகு தெரிந்தது. நோர்வேயில் பிறந்து வளர்ந்தது, தமிழ் நல்லாகவே வந்தது.

"அன்ரி, அப்பாவுக்கு ரெண்டு. எனக்கு முட்டை போட்டு ஒண்டு."

"ஆர் பிள்ளை அப்பா?"

"அங்கை, ஏழாம் மேசை."

குணலட்சுமி நிமிர்ந்து பார்த்தா. அங்கே ஒரு நரைத்த தலையும் நீலச் சேட்டு முதுகும்தான் தெரிந்தது. அகப்பை அப்படியே நின்றது. பிறகு குனிந்து காஸைப் பூட்டினா, அடுப்பு அணைந்தது.

"காஸ் முடிஞ்சுது பிள்ளை. இடியப்பம் சூடா இருக்கு, எடுங்கோ."

"பரவாயில்லை அன்ரி" என்று பிள்ளை போனது. ஏழாம் மேசையில் தகப்பனுக்கு முன்னால் இடியப்பக் கோப்பையை வைத்தது. மகள் என்னவோ விளங்கப்படுத்தினது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

காஸ் முடிகிற அடுப்பு முதலில் இருமும், மஞ்சளாகும், சிணுங்கும். இந்த அடுப்பு பூட்டுகிற நேரம் வரைக்கும் நீலமாக, முழுசாக எரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் எழும்பிப் போன பிறகு அதே சிலிண்டரில் அதே அடுப்பு பற்றினது. பிழை திருத்தினவனுக்கு இது போதும். எழும்பிப் போய்க் கேட்டேன்.

"ஏன் தங்கச்சி பொய் சொன்னனீங்கள்?"

"அவர் என்ரை அண்ணை" என்றா. எல்லோரையும் அண்ணை என்கிற வாயிலிருந்து அந்தச் சொல் இந்த முறை கஷ்டப்பட்டு வந்தது.

5

[இந்த இடத்தில் கடந்தகாலத்தை ஒரு பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தேன். மழை எல்லாம் வந்தது. மழை பெய்ததா என்று நான் அவவைக் கேட்கவேயில்லை. எடுத்துவிட்டேன். அவ சொன்னது மட்டும் கீழே.]

"அம்மா செத்தது ஒரு வியாழக்கிழமை விடிய. இவர் நோர்வேயிலையிருந்து சனி மத்தியானம்தான் வந்து சேரலாம். எடுத்தால் வெள்ளி எடுக்கவேணும், இல்லாட்டி ஞாயிறு. சனியிலை எடுக்கக்கூடாது. சனிப்பிணம் தனிப்போகாது எல்லோ. ஞாயிறு வரைக்கும் வைச்சிருக்கலாம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. நான் வெள்ளி எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"என்ரை மனிசன் நெஞ்சு வருத்தத்தோடை ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். மற்ற வீட்டுக்காரருக்கென்ன, அவை சொல்லுவினம். சனிக்கிழமை முழுக்கப் பிணத்தை வீட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் இருக்க ஏலுமோ? அம்மா அவரையும் கூட்டிக்கொண்டு போடுவா எண்டு பயந்துபோனன். பெத்த தாயைப் பாத்து அப்பிடிப் பயந்தன். என்ரை பொடியனைக் கொண்டு கொள்ளி வைப்பிச்சன்."

"பிறகு?"

"சனி மத்தியானம் இவர் வந்து படலை வாசலிலை நிண்டார். உள்ளுக்கு வரேல்லை. 'பெத்த பிள்ளை நான் இருக்க, ஒருநாள் பொறுக்க உனக்கு ஏலாமல் போச்சோ? இனி உன்ரை கையாலை பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்' எண்டார். அப்பிடியே திரும்பிப் போட்டார்."

"உங்கடை மனிசன்?"

"எட்டு மாசத்திலை அவரும் செத்துப்போனார்" என்றா. சட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, பாணுக்கு விலை சொல்லுகிற குரலில் சொன்னா.

ஒரு பாத்திரமாக எனக்கு குணலட்சுமியில் சந்தேகம் இருக்கிறது. கோபக்கார அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு அப்பத்தைத் தின்னக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள்ளே சிரித்துக்கொள்ளுகிற தங்கச்சி என்றால் வாசகர் உடனே நம்புவார். காஸைப் பூட்டுகிற தங்கச்சியை யார் நம்புவது? இதை அவவிடமே கேட்டேன், வேறு மாதிரி.

"தெரியாமல் குடுத்திருக்கலாமே. அவரும் சாப்பிட்டிருப்பார், உங்களுக்கும் ஆறுதலாய் இருந்திருக்கும்."

"அது களவு, அண்ணை. அவர் அம்மாவுக்காகப் பண்ணின சத்தியம். அதை அவருக்குத் தெரியாமல் நான் எப்பிடி உடைக்கிறது? நானெண்டு தெரிஞ்சு சாப்பிடவேணும். இல்லாட்டி வேண்டாம்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன், நான்தான் குணம் எண்டு."

"சொன்னால் எழும்பிப் போடுவார். பிறகு எங்கை காணுறது? அவருக்கு அறுபத்தாறு." துணியை மடித்து வைத்துவிட்டு, "தெரிஞ்சு சாப்பிட்டிட்டுப் போனால் காணும். ஒரு கதையும் கதைக்க வேண்டாம்" என்றா.

எனக்கு வேறு சந்தேகம் இல்லை. பாத்திரம் சரி.

6

இரண்டாம் காலை, வியாழன்.

ஒழுங்கு 5: மண்டபத்துக்குள் சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாது. போனில் கனடாவைக் கூப்பிடுகிறவர்கள் வெளியே போகவும். கனடாவுக்குக் கத்தத் தேவையில்லை, போன் இருக்கிறது.

ஒழுங்கு 6: பக்கத்து மேசைக்காரரின் கோப்பையை எட்டிப் பார்க்கக்கூடாது.

ஒழுங்கு 7: அடுப்பில் நிற்கிறவர் அடுப்பை விட்டு வரமாட்டார். கேட்கிறவர்தான் போகவேண்டும். (இது றோய் சொல்லிப் போட்டது. போன மாதம் ஒரு சட்டி தீய்ந்து, மண்டபம் முழுக்கப் புகை.)

தனுஷா இன்றைக்கும் வந்தது. "அன்ரி, இண்டைக்குக் காஸ் இருக்கோ? அப்பா முந்தநாள் பிளேனுக்குள்ளை இருக்கேக்கையே அப்பம் அப்பம் எண்டவர்."

"மா முடிஞ்சுது பிள்ளை."

பிள்ளைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த றோய் வாளியை எட்டிப் பார்த்தார். அரைவாளி மா. தனுஷா போன பிறகு, "அக்கா, உங்களுக்கு என்ன நடந்தது? நேற்று காஸ், இண்டைக்கு மா. நாளைக்குச் சட்டியோ?" என்று பல்லைக் கடித்தார். அவ வாளியை மூடினா. நான் கை கழுவப் போனேன்.

கை கழுவுகிற இடத்தில் சீவரத்தினம் நின்றார். முகம் தங்கச்சியின் முகம்தான், கொஞ்சம் நீட்டினது மாதிரி. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் அடுப்படி மேசையிலை இருக்கிறனீங்கள் எல்லோ?"

"ஓம்."

"அவ எனக்குத் தரமாட்டா" என்றார்.

குழாயைப் பூட்ட மறந்துபோனேன்.

"உங்களுக்குத் தெரியுமோ, ஆரெண்டு?"

"உந்த ஹோட்டல்காரர் அப்ப அடுப்பை வீடியோ எடுத்துப் போட்டிருக்கினம். நோர்வேயிலை இருந்து பாத்தன். கை வந்துது, பிறகு முகம் வந்துது. நாலு தரம் பாத்தன். அதுக்குத்தான் இந்த ஹோட்டலை எடுத்தனான். மோளுக்கு ஒண்டும் தெரியாது. மாமி ஒராள் இருக்கிறா எண்டு மட்டும்தான் தெரியும்."

"உங்கடை சத்தியம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "அதையும் சொல்லிப்போட்டாவோ? நான் சொன்னதைச் சொல்லியிருப்பா. தான் சொன்னதைச் சொன்னவவோ?"

"என்ன சொன்னவ?"

"படலையிலை நான் திரும்பேக்கை பின்னாலை நிண்டு சொன்னவ. 'நானும் இனி உங்களை ஒருநாளும் சாப்பிடுங்கோ எண்டு கேக்கமாட்டன்' எண்டு. நான் கோவத்திலை சொன்னது. அவ அழுதுகொண்டு சொன்னவ. அழுதுகொண்டு சொன்னதை அவ மாத்தமாட்டா, எனக்குத் தெரியும். சின்னனிலையும் அப்பிடித்தான்." கையைத் துடைத்தார். "என்ரை சத்தியத்தை விட்டிட்டுத்தான் வந்தனான். பிள்ளையை அனுப்பிக் கேட்டுப் பாத்தன், ரெண்டு நாள். காஸாம், மாவாம். விளங்குது."

போய்விட்டார்.

7

இப்போது உங்களுக்கும் எனக்கும் எல்லாம் தெரியும். அவவுக்கு, அவருக்குத் தெரியாது என்ற எண்ணம். அவருக்கு, அவ இன்னும் கோபம் என்ற எண்ணம். அவருடைய சத்தியத்தைக் காப்பாற்ற அவ அடுப்பைப் பூட்டுகிறா. தன் சத்தியத்துக்காகப் பூட்டுகிறா என்று அவர் நினைக்கிறார். இரண்டு பேரும் மரியாதையாலேயே பட்டினி கிடக்கிற சாதி. இப்படிப் பிழைவிட எங்கடை சனத்தால் மட்டும்தான் ஏலும்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? அந்தக் குழாயடியிலேயே, "விசர்க் கதை கதையாதேங்கோ, அவ பூட்டினது உங்கடை சத்தியத்துக்காக" என்று சொல்லியிருக்கவேண்டும். ஏழு சொல். சொல்லவில்லை.

ஏன் என்று இந்தப் பந்தியில் நாலு தரம் எழுதி நாலு தரம் வெட்டினேன். ஒருமுறை "விருந்தாளி கோள் காவக்கூடாது" என்று எழுதினேன். இன்னொருமுறை "அந்நியன் குடும்பத்துக்குள் தலைபோடக்கூடாது" என்று எழுதினேன். எல்லாம் நல்ல ஒழுங்குகள்தான், மட்டையில் போடலாம். உண்மை வேறு. குழாயடியில் சொல்லியிருந்தால் கதை வியாழக்கிழமையே முடிந்திருக்கும். எனக்கு வெள்ளிக்கிழமை வேண்டியிருந்தது. அதற்கு வெட்கப்படுகிறேன். ஒரு மனிசியின் பதினைந்து வருடத்தை ஒருநாள் கூட்டி வைத்தேன், முடிவு நல்லாக வரட்டும் என்று. அம்மாவை ஞாயிறு வரைக்கும் வைத்திருக்கப் பயந்தவவை, நான் வெள்ளி வரைக்கும் வைத்திருந்தேன்.

பின்னேரம் வீட்டில் இருந்து எட்டாம் ஒழுங்கை எழுதினேன்.

ஒழுங்கு 8: அப்பம் வேண்டுமென்றால் பிள்ளைகளை அனுப்பவேண்டாம். நீங்களே எழும்பிப் போய்க் கேளுங்கள். காஸ் இருக்கிறது. மாவும் இருக்கிறது. சுடுகிறது யாரென்று தெரிந்து கேட்கிறவருக்குத்தான் சுடுகிறவர் தருவார்.

"கடைசி வசனம் என்னத்துக்கு அண்ணை?" என்று றோய் கேட்டார்.

"மரியாதைக்கு" என்றேன். சந்தியில் போட்டோக்கொப்பி எடுத்து, மாதிரி என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு எல்லா மேசையிலும் வைப்பித்தேன். எழுதி வாழ்க்கையில் நான் செய்த ஒரே காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் வேறொரு காரியத்தைச் செய்யாமல் விட்டதற்குப் பிராயச்சித்தம்.

8

மூன்றாம் காலை, வெள்ளி.

எட்டரைக்கு வந்தார்கள். பெட்டிகள் வாசலில் நின்றன. சீவரத்தினம் வழக்கம்போல முதுகைக் காட்டி இருந்தார். தனுஷா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்ப, அவர் மட்டையை எடுத்தார். வாசித்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. திரும்பவும் வாசித்தார். மகளின் கையிலிருந்து கோப்பையை வாங்கினார்.

வரிசையில் அவருக்கு முன்னால் மூன்று பேர். குணலட்சுமி குனிந்து வேலையாக இருந்தா. மூன்றாம் ஆள் விலகின பிறகுதான் நிமிர்ந்தா.

அவவுடைய கை காஸ் பூட்டுக்குப் போனது. நான் பார்த்தேன். போய், அங்கேயே நின்றது.

"பூட்டாதை குணம்," என்றார் அவர். "உன்னைப் பாக்கத்தான் இந்த ஹோட்டலை எடுத்தனான். வரமுதலே தெரியும்."

"தெரியுமோ?"

"ஓம். ரெண்டு அப்பம் தா. உன்ரை கையாலை."

இதற்கு மேல் அந்த அடுப்படியில் கதை ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றபடியால் அவ முட்டை பட்ட சட்டிகளைத் தொடாமல், இடப்பக்கத்தில் சைவத்துக்கு வைத்த சட்டியை எடுத்தா. அவர் வெள்ளியில் சைவம் என்று அவரையும் மகளையும் அவவையும் தவிர அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு வெள்ளையப்பம். ஓரம் மெல்லிசாக, பொன் நிறமாக. நடுவில் தேங்காய் முதற்பால் விட்டா. மற்றவர்களுக்கு ஒரு கரண்டி, இதற்கு இரண்டு. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வைத்தா.

அவர் ஏழாம் மேசைக்குப் போனார். இந்த முறை மற்றப் பக்கத்துக் கதிரையில், அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். கோப்பையை முன்னால் வைத்தார். இரண்டு கையையும் மேசையில் வைத்தார். சாப்பிடவில்லை.

"அப்பா, ஆறப்போகுது. சாப்பிடுங்கோவன்" என்றது தனுஷா.

"நீ சொல்லிச் சாப்பிடுறதுக்கில்லை" என்றார்.

9

முடிவு இனித்தான் எழுதவேண்டும். மூன்று இருக்கிறது.

(அ) குணலட்சுமி அடுப்படியில் நின்றபடியே மண்டபம் கேட்கச் சத்தம் போட்டுச் சொல்லுகிறா. ஐந்தாம் ஒழுங்கு உடைகிறது. நல்ல முடிவு. ஆனால் அழுதுகொண்டு சொன்னதை மாற்றாத ஆள் என்று அண்ணன்காரர் சொல்லியிருக்கிறார், சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்.

(ஆ) சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஏழாம் மேசைக்குப் போகிறா. ஏழாம் ஒழுங்கு உடைகிறது, நாலு அப்பம் தீய்கிறது, றோய் கத்துகிறார். இதை எழுதிப் பார்த்தேன். அவ நடந்து வருகிற தூரம் நீண்டுகொண்டே போனது, மேசைக்கு வந்து சேரவில்லை. வசனம் அரைவாசியில் நி

(இ) வாசலில் வான் கோர்ன் அடிக்கிறது. அவர் எழும்புகிறார்.

மூன்றாவதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்காது. அதனாலேயே அதில் நம்பிக்கை இல்லை.

நடந்தது எது என்று கேட்பீர்கள். நீ அங்கேதானே இருந்தாய் என்பீர்கள். இருந்தேன். ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். ஆறாம் ஒழுங்கு: அடுத்தவரின் கோப்பையை எட்டிப் பார்க்கக்கூடாது. மூன்று நாள் பார்த்தவன், எழுதினதை ஒரு தரமாவது கடைப்பிடிக்கவேண்டாமா? வாசலில் வான் வந்து நின்றது. சாரதி என்னைப் பார்த்து, "கோர்ன் அடிக்கட்டோ ஐயா?" என்றான். "கொஞ்சம் பொறு தம்பி" என்றேன். பொறுக்கச் சொல்ல எனக்கு அந்த ஒரு முறையாவது வந்தது.

மட்டையில் ஒன்பதாம் ஒழுங்கு கோப்பையைப் பாதியில் விடக்கூடாது என்பது. பத்தாவதை எழுதவில்லை. றோய் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

நான் எழும்பின நேரத்தில் மண்டபம் இருந்தபடி சொல்லுகிறேன். நாலு சட்டியும் அடுப்பில். வரிசையில் ஐந்து பேர். குணலட்சுமி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏழாம் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. அவர் தன் பங்குச் சத்தியத்தை உடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய் முன்னால் வைத்திருக்கிறார். அவவுடைய பங்கு மிச்சம். அது ஒரே ஒரு சொல். அவவுக்கு வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

அப்பம் ஆறிக்கொண்டிருக்கிறது. சொல் உங்களுக்குத் தெரியும். அவவோடு சேர்ந்து நீங்களும் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ.